அறுபத்தொரு சதவீதம்

இது நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரரே முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டியா இல்லியா?" என்றுதான் கேட்டார். சாப்பிட்டேன். காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. நேரங்களை நான் மனதிலிருந்து சொல்லவில்லை. பாதி நேரங்கள் ஒரு காகிதத்தில் அச்சாகி இருக்கின்றன. அந்தக் காகிதம் இப்போது போலீஸிடம் இருக்கிறது.

அன்று ஒரு பெண்ணுக்குச் சொந்தமான எல்லாவற்றையும் ஒரு லேப்டாப்பிலிருந்து அழித்தேன். பாதி வழியில் அதுவே நின்றது. தொடரலாமா, நிறுத்தலாமா என்று என்னைக் கேட்டது. அந்தப் பதிலைச் சொன்னது என் விரல். எத்தனை தடவை யோசித்தாலும் அதை மாற்ற முடியவில்லை.

பழைய லேப்டாப்களை வாங்கி, சுத்தம் செய்து, வேறொருவருக்கு விற்கும் கடையில் எனக்கு வேலை. பதினோரு வருடம் ஆகிறது. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் போதும், அதை வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவேன். பிஸ்கட் தூள், தலைமுடி, நகத் துண்டு, ஒரு முறை குடும்பத்தோடு எறும்புகள். அந்த எறும்புகளுக்கும் சேர்த்து விலை கேட்டார் அந்த லேப்டாப்பின் சொந்தக்காரர்.

வெளியே இருப்பதை மட்டும்தான் பார்ப்போம். உள்ளே பார்க்க மாட்டோம். அது எங்கள் கடையின் சட்டம். நான் சேர்வதற்கு முன்னால் இங்கே வேலை பார்த்த ஒருவன், விற்க வந்த லேப்டாப்பில் இருந்த ஒரு பெண்ணின் படங்களைத் திறந்து பார்த்து, நண்பர்களுக்கும் அனுப்பிவிட்டானாம். அந்தப் பெண்ணின் அப்பா கடைக்கு வந்து, சண்டை போடாமல், கல்லாவுக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறார். அன்றிலிருந்து இதுதான் முறை. லேப்டாப்பை அதன் பழைய சிஸ்டத்தில் திறக்கவே கூடாது. எங்கள் பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து திறந்து, ஹார்டு டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை அழித்துவிட வேண்டும். பதினோரு வருடத்தில் யாருடைய ஒரு ஃபைலையும் நான் திறந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

மாலை 5.10. வெளியே மழை.

எங்கள் முதலாளியை எல்லோரும் சார்ஜர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் லேப்டாப்போடு வந்தாலும், உட்காரச் சொல்வதற்கு முன்னால் "சார்ஜர் இருக்கா?" என்று கேட்பார். அன்றும் கேட்டார்.

"எல்லாம் இருக்குங்க," என்றார் வந்தவர். நாற்பது வயது இருக்கும். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். பிறகு சார்ஜர். பிறகு வாங்கிய பில். அது வந்த அட்டைப்பெட்டியைக்கூட மடித்துக் கொண்டு வந்திருந்தார். "என் மனைவியோடது. அவ இனிமே இத தொட மாட்டா."

அவ்வளவு மழையிலும் அவர் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. மனதுக்குள் அவருக்கு இஸ்திரிக்காரர் என்று பெயர் வைத்தேன்.

"உள்ள இருக்கிறது எல்லாம் போயிடணும். யாராலயும் திரும்ப எடுக்க முடியாத மாதிரி. முடியுமா?"

"அதுதானே சார் எங்க வேலையே," என்றார் அண்ணன்.

"அழிச்சதுக்கு ரிப்போர்ட் குடுப்பீங்கன்னு சொன்னாங்க."

"குடுப்போம்."

"அப்ப நான் இங்கயே இருந்து வாங்கிட்டுப் போறேன்."

விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாகரிகமான மனுஷன் என்று நினைத்தேன்.

அந்த லேப்டாப்பை வாங்க ஆளும் தயாராக இருந்தார். பக்கத்துத் தெரு டெய்லர் அக்கா தன் மகளுக்காகப் பத்து நாளாக நடையாய் நடந்துகொண்டிருந்தார். மறுநாள் காலை அந்தப் பெண்ணுக்கு வகுப்பு தொடங்குகிறது. அண்ணன் உடனே போன் போட்டு, "எட்டரைக்கு வாங்கக்கா, கையில தர்றேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்துக்கம்மா, நான் ஸ்கிரீன் எடுத்துட்டு வந்துடறேன், ஒன்பதாகும்," என்று சொல்லிவிட்டு பைக்கில் கிளம்பினார்.

வாக்குக் கொடுப்பது அவர். காப்பாற்றுவது நான். எப்போதும் அப்படித்தான்.

கடையின் பின்பக்கம் என் அறை. ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு டியூப் லைட், சுவரில் ஒரு கடிகாரம். முன்பக்கத்துக்கும் அறைக்கும் நடுவே பாதிக் கண்ணாடி போட்ட கதவு. அதன் வழியாகப் பார்த்தால் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. போன் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்க்கவில்லை. என் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் துடைப்பேன். கீபோர்டுக்குக் கீழே உள்ளங்கை வைக்கும் இடத்தில் அழுக்கு அதிகம் சேரும். அங்கே துணியை வைத்தபோதுதான் முதல் விஷயம் தெரிந்தது.

அந்த இடம் சூடாக இருந்தது.

லேப்டாப் அணைந்து கிடந்தது. பேட்டரியில் சொட்டுச் சார்ஜ் இல்லை. மழையில் வந்த பொருள், மூடியெல்லாம் ஜில்லென்று இருந்தது. வலது கை வைக்கும் இடமும் இடது கை வைக்கும் இடமும் மட்டும்... இப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி சூடு. பையில் எதோடாவது ஒட்டிக் கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

5.47. சார்ஜரையும் பென் டிரைவையும் செருகி, அழிக்கத் தொடங்கினேன். பழைய ஹார்டு டிஸ்க். இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அது ஒரு பக்கம் ஓடும்போதே மற்ற சோதனைகளை முடிப்பது என் வழக்கம்.

"ஆரம்பிச்சாச்சா?" முன்பக்கத்திலிருந்து குரல்.

"ஆரம்பிச்சாச்சு சார். எட்டு மணி தாண்டும்."

"பரவால்ல."

6.32. முப்பத்தொரு சதவீதம். கீபோர்டு சோதனையைத் திறந்தேன். திரையில் ஒரு கீபோர்டின் படம் வரும். எந்த எழுத்தை அழுத்துகிறோமோ அது படத்தில் பச்சையாக மாறும். ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நான் இன்னும் கையை வைக்கவில்லை.

நடுவில் பதினைந்து இருபது எழுத்துகள் ஒன்றாகப் பச்சையாயின. அணைந்தன. மறுபடி பச்சை. அணைந்தன. மறுபடி.

மூன்று தடவை. பிறகு ஒன்றும் இல்லை.

ஈரம் இறங்கியிருக்கும் என்று பிரஷ்ஷை எடுத்தேன். இது எங்களுக்குப் பழகிய கோளாறு. ஆனால் ஈரம் இறங்கினால் ஒரு எழுத்து மாட்டிக்கொண்டு விடாமல் அடிக்கும். இப்படி எண்ணி எண்ணி அடிக்காது.

மறுபடி மூன்று.

அந்தப் பச்சை இருந்த வடிவத்தைப் பார்த்தேன். நடுவில் அகலம். மேலே நான்கு கிளையாகப் பிரிந்து... என் கையைத் திரைமேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. விரித்த உள்ளங்கை.

யாரோ உள்ளங்கையால் தட்டுகிறார்கள்.

6.50. ஓடும் லேப்டாப்பைத் திறக்கக் கூடாது. திறந்தேன். சாய்த்துப் பிடித்து, அடி மூடியைக் கழற்றி, கீபோர்டின் பட்டை வயரை உருவினேன். இனி அந்தக் கீபோர்டை யார் எப்படி அடித்தாலும் திரைக்குத் தெரியாது. திருப்பி நிமிர்த்தினேன்.

பச்சை. பச்சை. பச்சை.

வயர் என் கையில் பட்டுக்கொண்டு தொங்கியது.

எழுந்து வெளியே போயிருக்கலாம். வெளியே அவர் இருந்தார். மனிதர் ஒருவர் இருக்கிறாரே என்று தைரியம் வர வேண்டும். வரவில்லை. ஏன் என்று அப்போது புரியவில்லை.

கேமரா சோதனையைத் திறந்தேன். மற்றதையாவது முடிப்போம் என்று ஒரு வீம்பு. கேமராவில் என் முகம் வர வேண்டும். இருட்டு. லென்ஸைத் துடைத்தேன். இருட்டு. டார்ச் அடித்தேன். அப்போதும் இருட்டு... ஆனால் அடியில் ஒரு கோடு. மெல்லிய மஞ்சள் வெளிச்சக் கோடு, திரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை.

மூடிய கதவுக்குக் கீழே தெரியும் வெளிச்சம்.

கேமராவை மூடினேன். அடுத்த சோதனை தானாகத் திறந்துகொண்டது. மைக். நாம் பேசுவதை உடனே ஸ்பீக்கரில் திருப்பிக் கேட்க வைக்கும் சோதனை.

நான் பேசவில்லை.

7.15.

தொம். தொம். தொம்.

ஸ்பீக்கரிலிருந்து வந்தது. மரத்தில் கை படும் சத்தம். பிறகு மூச்சு. வேகமாக, ஈரமாக, மிக அருகில். மறுபடி தொம். தொம். தொம். ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் பச்சைக் கை விழுந்தது.

அதே நொடியில் அழிப்பு நின்றது. அறுபத்தொரு சதவீதம். திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம்.

தொடரலாமா? ஆம். இல்லை.

பின்னால் கதவு திறந்தது. அவர் உள்ளே வந்து நின்றார். சட்டை அப்படியே இருந்தது. முகம் அப்படி இல்லை.

"இது என்ன சத்தம்?"

"தெரியல சார். மைக்கு..."

தொம். தொம். தொம்.

அவர் லேப்டாப்பைப் பார்த்தார். அடியில் கழன்று தொங்கும் வயரைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது.

"அதுக்கு வழியே இல்ல," என்றார். எனக்குச் சொல்லவில்லை.

"எதுக்கு சார்?"

அவர் நெற்றியில் வேர்வை. அந்த மனுஷனுக்கு என்னைவிடப் பயம் அதிகம் என்று எனக்குத் தெரிந்தது. அது என் பயத்தைக் குறைக்கவில்லை.

"உங்க மனைவி எங்க சார்?"

எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

"ஊருக்குப் போயிருக்கா." பிறகு மிக மெதுவாக, "முடிங்க. முடிச்சிட்டா நின்னுடும்."

முடித்தால் நின்றுவிடும். அதைத்தான் நானும் நினைத்தேன். அந்தப் பெண் செத்துவிட்டாள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. அவளுடைய ஏதோ ஒன்று இந்த லேப்டாப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை அழிக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறது என்று தோன்றியது. ஒரே ஒரு முறை சட்டத்தை மீறி, பென் டிரைவை உருவிவிட்டு, மீதி இருக்கும் முப்பத்தொன்பது சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கலாம். வெளியே ஓடி யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்.

உள்ளே பார்க்கக் கூடாது. பதினோரு வருடப் பழக்கம். பின்னால் அந்த ஆள். எட்டரைக்கு டெய்லர் அக்கா. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தச் சத்தம் நிற்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

7.22. வேறொரு கீபோர்டைச் செருகி, 'ஆம்' என்று அழுத்தினேன்.

அறுபத்திரண்டு.

மைக் சோதனையை மூடினேன். சத்தம் நின்றது. பச்சை நிற்கவில்லை.

அவர் போகவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

7.40. எழுபத்துமூன்று. உள்ளங்கை விழுந்தது. ஆனால் இரண்டு தடவைதான்.

7.55. எண்பத்துமூன்று. இப்போது முழுக் கை இல்லை. நான்கைந்து எழுத்துகள். விரல் நுனிகள்.

8.04. தொண்ணூறு. இரண்டு எழுத்து. கீழ் வரிசையில். கை கீழே இறங்கிக்கொண்டே வந்த மாதிரி...

8.11. ஒரு எழுத்து. ஒரு நிமிடம் கழித்து அதே எழுத்து.

8.16. அதே எழுத்து. பச்சையாக நின்றது. நின்றது. அணைந்தது.

பிறகு வரவில்லை.

8.18. நூறு.

கீபோர்டுக்குக் கீழே கையை வைத்தேன். இரண்டு பக்கமும் ஜில்லென்று இருந்தது.

"ரிப்போர்ட்," என்றார் அவர். அச்செடுத்துக் கொடுத்தேன். தொடங்கியது 5.47, நின்றது 7.15, தொடர்ந்தது 7.22, முடிந்தது 8.18. ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ரொம்ப நன்றிங்க," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். குடை எடுத்து வந்திருந்தார், அதையும் மறக்கவில்லை.

வயரைத் திரும்ப மாட்டினேன். புது சிஸ்டம் போட்டேன். எல்லா எழுத்தும் ஒழுங்காக வேலை செய்தது. கேமராவில் என் முகம் வந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. டெய்லர் அக்கா எட்டரைக்கு வருவதாகச் சொல்லி ஒன்பதுக்கு வந்தார். "ஏம்மா மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு, ஒரு டீயாவது குடிச்சியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

இன்றுவரை அந்த லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை. அவர் மகள் அதில்தான் படிக்கிறாள். அவர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

நான்காம் நாள் காலை 10.20க்கு ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் எங்கள் ரிப்போர்ட். நான்கு மடிப்பும் தெரிந்தது.

"இது நீங்க குடுத்ததா?"

"ஆமாம் மேடம்."

"அந்த லேப்டாப்ல என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"நாங்க பாக்க மாட்டோம் மேடம்."

அவர் திட்டவில்லை. அந்தப் பெண் இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் நடந்ததை அதில் எழுதி வைத்திருந்தாளாம். அடித்த தேதி, காயத்தின் படம், எல்லாம். தன் அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். "எனக்கு ஏதாவது ஆனா லேப்டாப்பைப் பாரு" என்று. இரண்டு நாள் போன் எடுக்கவில்லை என்று அக்கா போய்க் கதவை உடைத்திருக்கிறாள். சாமான் போடும் அறைக்குள், வெளியே தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் தங்கை கிடந்திருக்கிறாள்.

"அவரு அன்னிக்கே... இங்க வர்றதுக்கு முன்னாடியே கொன்னுட்டாரா மேடம்?"

"அப்படித்தான் அவனும் நெனச்சிருக்கான். தலையில அடிச்சிருக்கான். அவ செத்துட்டான்னு நெனச்சு உள்ள இழுத்துப் போட்டுப் பூட்டிட்டு, உங்க கடைக்கு வந்துட்டான்."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் நோட்டைத் திருப்பிக்கொண்டே சொன்னார்.

அவர்களுக்குக் கீழ் வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருக்கிறாள். அன்று மாலை ஆறரை மணியிலிருந்து மேலே யாரோ ஆணி அடிப்பது போல சத்தம். குழந்தை தூங்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, எட்டேகால் மணிக்குச் சண்டை போடலாம் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு படி ஏறியிருக்கிறாள். பாதிப் படியில் சத்தம் நின்றுவிட்டது. சரி, முடித்துவிட்டார்கள் என்று திரும்பி வந்து குழந்தையைத் தூங்க வைத்தாளாம்.

"டாக்டரும் அந்த நேரத்தைத்தான் சொல்றாரு," என்றார் இன்ஸ்பெக்டர்.

செத்தவள் தட்டுகிறாள் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம், அவனும் நானும். அதனால்தான் முடித்துவிட அவ்வளவு அவசரப்பட்டோம். அவள் அப்போது உயிரோடு இருந்தாள். ஒரு பூட்டிய அறைக்குள்ளிருந்து என் மேஜைக்கு எப்படி வந்தாள் என்று எனக்குத் தெரியாது. யாரும் எனக்கு விளக்கவும் வேண்டாம். ஏழேகால் மணிக்கு அவள் கையில் இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது.

அந்த வீடு எங்கே என்று விசாரித்து, மறுநாள் கடையிலிருந்து நடந்து பார்த்தேன். அன்றும் மழை. மெதுவாகத்தான் நடந்தேன்.

பத்தொன்பது நிமிடம்.